கூறை யாருடையது?

யாழ்ப்பாணத்து நடுத்தர வீடொன்றின் உள்ளறையிலே, அலுமாரியின் அடித்தட்டிலோ கட்டிலின் கீழுள்ள றங்குப்பெட்டியிலோ, வெள்ளைத் துணியிற் சுற்றப்பட்டு ஒரு சேலை கிடக்கிறது. அந்துருண்டை நெடியும் கறுத்துப்போன சரிகையும் அதன் வயதைச் சொல்லும். அதனை உடுத்தவள் உடுத்தது ஒரே நாள். அந்த நாளிலும் சில மணி நேரம். அது பெட்டியிற் கிடந்ததோ முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு. அதுவே கூறை.

அந்தக் கூறையை என்ன செய்வது என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் ஒருநாள் எழுந்தே தீரும். மகள் மணமேடை ஏறும்போது எழும். குடும்பம் கனடாவுக்கோ இலண்டனுக்கோ புறப்படும்போது எழும். கணவன் கண்மூடும்போது எழும். அவளே கண்மூடும்போதும் எழும். எழும்போதெல்லாம் அக்கேள்விக்கு விடை சொல்லப் பலர் முன்வருவர். மாமி ஒன்று சொல்வார். ஐயர் ஒன்று சொல்வார். ஊர்ப் பெரியவர் ஒன்று சொல்வார். ‘வெளியிலே கொடுக்கக்கூடாது’, ‘வெட்டக்கூடாது’, ‘இனி உடுக்கக்கூடாது’, ‘அவளோடேயே எரிந்து போகவேண்டும்’ என்று ஆளுக்கொரு விதி பிறக்கும். விடை சொல்லாதவள் ஒருத்தியே. அவள் கூறையை உடுத்தவள். அவளை எவரும் கேட்பதில்லை. கேட்காமலே பழகிவிட்டமையாற் சொல்ல வேண்டும் என்ற எண்ணமும் அவளுக்கு எழுவதில்லை.

இக்கட்டுரை கூற வருவது ஒன்றே. கூறை உடுத்தவளின் உடைமை. அதனை வைத்திருப்பதா, மீண்டும் உடுப்பதா, வெட்டித் தைப்பதா, இன்னொருத்திக்குக் கொடுப்பதா என்று முடிவு செய்யும் உரிமை அவளுக்கே உரியது. அந்த உரிமையைப் பறிப்பதற்குப் போர்த்தப்பட்ட திரையே கூறையின் ‘புனிதம்’ என்பது.

நிலம் பறிபோகிறது, கூலி போதவில்லை, இளைஞர் வேலையின்றி அலைகின்றனர்; இவ்வளவு இருக்க ஒரு பழஞ்சேலையைப் பற்றியா எழுதுவது என்று நண்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்களுக்கு நமது வரலாற்றிலிருந்தே ஒன்றை நினைவூட்டுவோம். 1960களில் தேநீர்க்கடைக் குவளையும் சிறிய பொருளாகவே இருந்தது. அந்தச் சிறிய பொருளைச் சமமாகக் கையில் எடுப்பதற்காக மனிதர் அடியும் வெட்டும் பட்டனர், உயிரும் கொடுத்தனர். ஒரு சமுதாயம் தன் பெரிய அநீதிகளைச் சிறிய பொருள்களிலேயே பத்திரமாக ஒளித்து வைக்கிறது. குவளையில் சாதியை ஒளித்து வைத்தது போலவே கூறையில் பெண்ணின் அடிமைத்தனத்தையும் ஒளித்து வைத்திருக்கிறது.

நமது திருமணச் சடங்கிலே தாலிக்கு அடுத்த இடம் கூறைக்கு உரியது. மணமகன் வீட்டாரே அதனைக் கொண்டுவருவர். தாலியோடும் தேங்காய், பழம், வெற்றிலையோடும் தட்டில் வைக்கப்பட்டுச் சபையோர் தொட்டு ஆசி கூறுவதற்காக அது பந்தலைச் சுற்றி வரும். பின்னர் மணமகளின் கையிற் கொடுக்கப்படும். வேறொரு சேலையுடன் மணவறைக்கு வந்திருந்தவள் எழுந்து உள்ளே சென்று, அதனைக் களைந்து, கூறையை உடுத்துத் திரும்புவாள். அதன் பின்னரே தாலி கட்டப்படும். சடங்கின் மொழியிலே இதன் பொருள் ஐயத்துக்கு இடமற்றது. ஒரு வீட்டின் சேலையோடு உள்ளே போனவள் இன்னொரு வீட்டின் சேலையோடு வெளியே வருகிறாள். பிறந்த வீட்டின் பொறுப்பாய் இருந்தவள் புகுந்த வீட்டின் பொறுப்பாகிறாள். சேலை அவள் கையிற் கொடுக்கப்படுகிறது என்பது உண்மை. ஆயினும் கொடுத்தவர் தம் கையை அதிலிருந்து எடுத்ததில்லை என்பதும் உண்மை.

சட்டமோ வேறு சொல்கிறது. ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டிலே தொகுப்பித்த தேசவழமையின் வழியில், வட மாகாணத் தமிழரின் விவாக உரிமைகளையும் வழியுரிமையையும் வகுக்க 1911ஆம் ஆண்டிலே ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. மணமான பெண் தனக்குச் சீதனமாய் வந்த காணியை விற்கவேண்டுமானாற் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. தாயும் தந்தையும் கொடுத்த நிலத்தை ஆள்வதற்கும் அவனது கையொப்பம்! இந்த அநீதியைப் பற்றித் தனியே எழுதலாம். இங்கே கவனிக்க வேண்டியது அடுத்த சொல். அசையும் சொத்தைக் கையாள்வதற்குக் கணவனின் சம்மதம் வேண்டியதில்லை என்று அதே சட்டம் சொன்னது. கூறை அசையும் சொத்து. வேலியையும் வளவையும் விற்க முடியாதவளாய் நிறுத்தப்பட்ட பெண்ணுக்குச் சட்டம் முழு உரிமையோடு விட்டுவைத்த சில பொருள்களுள் அவளது சேலையும் ஒன்று. சட்டம் விட்டுவைத்ததையும் சம்பிரதாயம் பறித்துக்கொண்டது. பிரித்தானியர் காலத்துச் சட்டமே பெண்ணுக்குக் கொடுத்த சிறு துண்டு உரிமையை நமது பண்பாட்டுக் காவலர் கொடுக்கத் தயங்குகின்றனர் என்றால், பிற்போக்கு என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் வேண்டுமோ?

‘கூறையை வெட்டுவதா!’ என்று துடிப்போர் தமிழ் அறிவாராயின் அச்சொல்லையே கேட்கட்டும். துணித்து எடுக்கப்படுவது துணி. அறுத்து எடுக்கப்படுவது அறுவை. கூறுபடுத்தி எடுக்கப்படுவது கூறை. தறியிலிருந்து வெட்டி எடுத்தாலன்றி ஆடை ஆடையாவதில்லை என்ற தொழிலாளியின் அறிவு இப்பெயர்களிலே வாழ்கிறது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற சங்கப் புலவர் தம் தொழிலைப் பெயரோடு சுமந்தவர். துணி விற்பதை இழிவென்று அவர் கருதவில்லை, தெய்வத் தொண்டென்றும் கருதவில்லை. கூறை என்பது பழந்தமிழிலே உடைக்குப் பொதுப்பெயர். பிச்சைக்காரன் உடுத்ததும் கூறையே. பொதுப்பெயராய் இருந்ததை ஒரு சேலைக்குச் சிறப்புப் பெயராக்கி, அதற்கு ஒரு புனிதத்தையும் ஏற்றியது பிற்காலம்.

‘இது நம் முன்னோர் வகுத்த முறை’ என்பார்க்கும் ஒரு சொல். அகநானூற்றின் 86ஆம் பாடல் பழந்தமிழர் மணமொன்றை நேரிற் கண்டாற்போலக் காட்டுகிறது. உழுந்துச் சோறு உண்டு, பந்தலிற் பரப்பிய மணல் உண்டு, விளக்கு உண்டு, மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துவது உண்டு. தீவலம் இல்லை, புரோகிதர் இல்லை, தாலியும் இல்லை. புத்தாடை உண்டு. அதனைப் பின்னர் பூட்டி வைக்கவேண்டும், எரிக்க வேண்டும், இன்னார் தொடக்கூடாது என்ற விதி மட்டும் அங்கே காணப்படவில்லை. முன்னோர் பெயரைச் சொல்லி நம்மை அச்சுறுத்துவோர் எந்த முன்னோரைச் சொல்கின்றனர் என்று முதலிலே தெளிவுபடுத்தட்டும்.

இனி, புனிதம் என்று சொல்லப்படுவதைப் பிரித்துப் பார்ப்போம். அதன் முதல் இழை விலை. பட்டுப்புழு தன் கூட்டிலே நூற்கும் ஒரே இழை அறுநூறு முதல் தொள்ளாயிரம் மீற்றர் வரை நீளும். அவ்விழை அறாமற் கிடைப்பதற்காகக் கூட்டினுள் இருக்கும் உயிர் வெந்நீரிலோ ஆவியிலோ கொல்லப்படுகிறது. கொல்லாமையைப் பேசும் சைவ வீடுகளிலே மிகப் புனிதமான உடை இவ்வாறு பிறக்கிறது! அது நிற்க. நமது கூறைகளிற் பெரும்பாலானவை வந்து சேரும் காஞ்சிபுரத்தின் தறிகளிலே குழந்தைகளின் விரல்களும் வேலை செய்தன. இந்தியாவிலே கொத்தடிமை முறை 1976இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், பட்டுத் தொழிலிற் கடனுக்கு ஈடாகக் கட்டுண்டு உழைத்த சிறுவர்களைப் பற்றி மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் சேர்த்தே பேசியது. 2005–2006இற் காஞ்சிபுரப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குச் சட்டக் காப்புக் கிடைத்தது நன்றே. அந்தப் பெயரை நெய்த சிறு கைகளுக்கும் காப்பு வேண்டும் என்பதை யார் மறுப்பர்?

சரிகையின் கதையும் இத்தகையதே. பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசுவது பழைய முறை. இன்று செம்பும் செயற்கை இழையும் சரிகை என்ற பெயரிலே சந்தைக்கு வருகின்றன. தமிழ்நாட்டின் நகரங்களிலே பழைய பட்டுச் சேலைகளை வாங்குவோர் அதனை எரித்து வெள்ளியை எடுக்கின்றனர். ஆக, நாம் தெய்வமென்று பூட்டி வைப்பதை வணிகன் உலோகமென்று நிறுத்து வாங்குகிறான். இருவரிலே பொருளின் உண்மையை அறிந்தவன் அவனே என்று சொல்லவேண்டி வருவது நமக்குப் பெருமையன்று.

விலையே புனிதமாய் நடமாடுகிறது என்பதற்கு ஒரு சான்று போதும். தாயின் கூறை புனிதமானது என்றால், அதனை உடுத்து மகள் மணமேடை ஏறுவதல்லவா பெரும்பேறு? அவ்வாறு ஏறும் மணமகளை எத்தனை வீடுகளிலே காண்கிறோம்? ‘பழஞ்சேலையோடு பெண்ணை எடுத்தார்கள்’ என்று ஊர் சொல்லும் என்று அஞ்சுகின்றனர். புதுக் கூறை வேண்டும். அதன் விலை சபையிலே காதோடு காதாகப் பரவவேண்டும். நிழற்படக்காரனின் ஒளி அதன் கரையிலே விழவேண்டும். வெளிநாட்டிலிருந்து காசனுப்பிய அண்ணன் அதனைத் திரையிலே பார்க்கவேண்டும். அண்ணன் இல்லாத வீடு கடன்படும். மகளின் புதுக் கூறைக்காகத் தாய் அடகு வைக்கும் காப்புக்கும், பெட்டியிற் கிடந்து நைந்துபோகும் தாயின் பழங்கூறைக்கும் இடையிலே உள்ள தூரம் மூன்றடிதான்!

இரண்டாவது இழை துடக்கு. ஒருத்தி உடுத்ததை இன்னொருத்தி மணநாளில் உடுத்தல் ஆகாது என்பர். இதைச் சொல்வோர் தம் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்திருந்தால் வாயடைத்திருப்பர். நமது மணப்பந்தலுக்கு வெள்ளை கட்டியவர் யார்? ஊரின் ஓரத்திலே நாம் ஒதுக்கி வைத்த சலவைத் தொழிலாளர். அவர் கொண்டுவந்த துணி இன்று இந்தக் கல்யாண வீட்டிலும், நேற்று அந்தச் செத்த வீட்டிலும், அதற்கு முந்திய நாள் வேறொரு வீட்டுச் சாமத்தியச் சடங்கிலும் தொங்கியது. அதன் கீழேதான் மந்திரம் ஓதப்பட்டது, தாலி கட்டப்பட்டது. பல வீட்டுச் சாவையும் பிறப்பையும் கண்ட துணி தலைக்குமேல் நின்றபோது ஏறாத துடக்கு, வெளுத்து மடித்த சேலை உடலிலே படும்போது மட்டும் ஏறுமோ? போதாக்குறைக்கு, ‘பட்டுக்குத் துடக்கில்லை’ என்பதும் ஆசாரம் பேசுவோரே சொல்லும் வாக்கு. கோயிலுக்குப் போகும்போது பட்டுக்குத் துடக்கில்லை. ஏழை மணமகளுக்குக் கொடுக்கும்போது மட்டும் துடக்குண்டு! தருக்கத்தின் இந்தக் கோணலிலேயே வர்க்கத்தின் முகம் தெரிகிறது.

மூன்றாவது இழை எல்லாவற்றிலும் கொடியது. கூறை கணவனின் ஆயுளோடு முடியப்பட்டிருக்கிறது. அவன் உயிரோடிருக்கும்போது அவள் இறந்தால், கூறையை உடுத்தியோ போர்த்தியோ அனுப்பி, ‘கொடுத்து வைத்தவள்’ என்பர். அவன் முதலில் இறந்தால் தாலி கழற்றப்படும். அதே கூறை அந்தக் கணத்திலிருந்து அவளுக்கு ஆகாத பொருளாகும். மகளின் மணவறைக்கு அருகிலே நிற்பதற்கும் தயங்கித் தூணோரம் ஒதுங்கும் தாயர் இன்றும் உள்ளனர். பெற்று, பாலூட்டி, செல்லடிக்கும் பசிக்கும் தப்புவித்து வளர்த்தவளின் கை அமங்கலம். ஒருநாளும் அந்தப் பிள்ளையை எட்டிப் பாராத உறவினனின் கை மங்கலம்! இதனைப் பண்பாடு என்று ஏற்கும் மனம் எத்தகைய மனம்?

இது நம் மண்ணிலே ஒருவர் இருவரின் துயரமன்று. போரினால் வடக்கிலும் கிழக்கிலும் விதவையானோர் ஏறத்தாழ 89,000 பேர் என்று 2010ஆம் ஆண்டில் அரசாங்கத் தரப்பிலிருந்தே கணக்குச் சொல்லப்பட்டது. அவர்களுட் பலர் கணவனின் உடலைக் கண்டவரல்லர். காணாமலாக்கப்பட்டோரின் மனைவியர் இக்கணக்கில் அடங்குவரா, அடங்காரா என்று சொல்லவும் இயலாது. அவர்கள் படத்தைக் கையிலேந்தித் தெருவோரப் பந்தல்களிலே ஆண்டுக்கணக்காய் இருந்தவர்கள். அவர்களைப் பார்த்து, உன் கூறையை நீ உடுக்கலாமா, கூடாதா என்று எந்தச் சாத்திரம் தீர்ப்புச் சொல்லப் போகிறது? அவன் இருக்கிறானா என்று அரசு சொல்லவில்லை. அவள் மங்கலமானவளா என்று ஊர் மட்டும் சொல்லிவிடுகிறது!

போர் நமது பெட்டிகளைப் பலமுறை திறந்தது. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளின் ஆணையால் இரண்டு மணி நேர அவகாசத்தில் விரட்டப்பட்டனர். அவர்களது நகைகள் பறிக்கப்பட்டன. கல்யாண உடுப்பு உள்ளிட்ட வாழ்வின் தேட்டமெல்லாம் வீடுகளிலே கிடந்து பிறர் கையிற் போயின. நம் கூறையின் புனிதத்தைப் பேசும் நாவு அவர்களின் பெட்டிகளைப் பற்றியும் பேசவேண்டும். பேசாதவரை அதன் புனிதம் வெறும் சுயநலம். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30இல், இராணுவம் முன்னேற, வெளியேறுமாறு புலிகள் அறிவிக்க, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தனர். கையிலே குழந்தை, தலையிலே மூட்டை. அந்த மூட்டையில் அரிசிக்கு இடம் வேண்டுமா, கூறைக்கு இடம் வேண்டுமா என்ற கேள்விக்கு அந்த மழை இரவிலே பெண்களே விடை கண்டனர். அப்பொழுது மாமியும் ஐயரும் ஊர்ப் பெரியவரும் தத்தம் மூட்டைகளோடு இருந்தனர். தீர்ப்புச் சொல்ல எவருக்கும் நேரமில்லை.

இறுதி விடை வன்னியிலே எழுதப்பட்டது. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், மே 18இல் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிவதற்கு முன்பு, ஒடுங்கிய கடற்கரை மணலிலே மக்கள் பதுங்குகுழி தோண்டினர். மணல் சரிந்தது. மண் நிரப்பச் சாக்கு இல்லை. பெண்கள் சேலைகளை எடுத்தனர், பட்டுச் சேலைகளையும் கூறைகளையும் எடுத்தனர், வெட்டினர், பைகளாய்த் தைத்தனர், மண் நிரப்பிக் குழியைச் சுற்றி அடுக்கினர். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாய்ச் சரிகை மின்னும் மண்மூட்டைகள் அந்தக் காலத்தின் படங்களிலே இன்றும் காணக்கிடக்கின்றன. அந்த மாதங்களில் 40,000 பேர் வரை குடிமக்கள் இறந்திருக்கலாம் என ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியது.

அந்தக் கூறைகளை வெட்டியவர்களைப் பார்த்து ‘கூறையை வெட்டலாமா?’ என்று கேட்க எவருக்கு நாவெழும்? நாம் நமது புனிதங்கள் எல்லாவற்றையும் அந்த மண்மூட்டைகளின் முன்னே வைத்துச் சோதிக்க வேண்டும். பிள்ளையின் தலைக்கும் செல்லின் சிதறலுக்கும் இடையே நின்ற துணி, பெட்டியிற் பூட்டிய துணியைவிட ஆயிரம் மடங்கு மேலானது. உயிரைக் காக்கப் பயன்பட்டதனாற் கூறை இழிவுபடவில்லை. அன்றுதான் அது தன் பெருமையைப் பெற்றது. ஆனால், ஒரு பெண் தன் கூறையைப் பற்றித் தானே முடிவெடுப்பதற்குச் செல்மழை பொழியத்தான் வேண்டுமா? அமைதிக் காலத்திலே அந்த உரிமையை அவளுக்குக் கொடுக்க முடியாத சமுதாயம் எதனை வென்றெடுக்கப் போராடியது?

இதே கேள்வியைப் பிற நாட்டவர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதும் அறியத்தக்கது. இரண்டாம் உலகப்போரின் முடிவில் ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய யூத மக்கள் அதன் அருகே அகதிகளாய்த் தங்கியிருந்தனர். அவர்களுள் ஒரு பெண்ணுக்கு 1946ஆம் ஆண்டின் தொடக்கத்திலே திருமணம். வெள்ளை உடுப்போடு மணக்கவேண்டும் என்பது அவள் ஆசை. வான்குடை ஒன்றின் துணியைத் தேடிப்பெற்று, உடுப்பாய்த் தைத்தனர். அவள் மணந்த பின்னர் அது பெட்டிக்குள் போகவில்லை. அவளின் சகோதரி உடுத்தாள், உறவுப்பெண் உடுத்தாள், அதன் பின்னர் முகாமின் மணமகள் பலர் ஒருவர்பின் ஒருவராய் உடுத்தனர். ஒருத்தியின் வாழ்வு தொடங்கிய துணியிலே எல்லோருடைய வாழ்வும் தொடங்கியது. அங்கே போரின் துணி மண உடையாயிற்று. இங்கே மண உடை போரின் மண்மூட்டையாயிற்று. இரண்டிடத்திலும் பெண்கள் ஒரே உண்மையையே கண்டனர். துணி மனிதருக்காக, மனிதர் துணிக்காக அல்லர்.

பிரித்தானியாவிலும் 1941 முதல் 1949 வரை துணி பங்கீட்டிலே இருந்தபோது, படைப்பணியிலிருந்த மணமகளிருக்கு இரவல் கல்யாண உடுப்புகள் வழங்கப்பட்டன. வெள்ளைக் கவுணை உலகெங்கும் பரப்பியதாகச் சொல்லப்படும் விக்ரோறியா மகாராணியே, 1840இல் தாம் மணந்தபோது அணிந்த பின்னற் சரிகையைப் பிற்காலத்திலே மீண்டும் மீண்டும் எடுத்து அணிந்தார். கணவனை இழந்து நாற்பது ஆண்டு கைம்பெண்ணாய் வாழ்ந்த அந்தக் காலத்திலும் அணிந்தார். பேரரசியின் வெள்ளையைப் பிரதிசெய்த நம்மவர் இதனை மட்டும் பிரதிசெய்யாது விட்டனர்!

‘இவ்வளவும் சரி, கூறையோடு பின்னிய நினைவை என்ன செய்வது?’ என்று ஒருத்தி கேட்கலாம். இது மதிக்கத்தக்க கேள்வி. காவலரின் கூச்சலோடு இதனைச் சேர்த்தல் தகாது. தன் வாழ்வின் ஒரு நாளை அந்த மடிப்பிலே வைத்திருப்பவள் அதனை வைத்திருக்கட்டும். எவருக்கும் கொடுக்காதே என்று கட்டளையிடுவது போலவே, கொடுத்தே ஆகவேண்டும் என்று கட்டளையிடுவதும் அடக்குமுறையே. ஆனால் பட்டின் இயல்பையும் அவள் அறிதல் நன்று. ஒரே மடிப்பிலே ஆண்டுக்கணக்காய்க் கிடந்த பட்டு அந்த மடிப்போரமாகவே இற்றுப் பிளக்கும். சரிகை காற்றும் ஈரமும் பட்டுக் கறுக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து, நிழலிலே காற்றாட விட்டு, மடிப்பை மாற்றிப் பருத்தித் துணியிற் சுற்றி வைத்தாலன்றி அது நிலைப்பதில்லை. தொடாமல் வைப்பதே போற்றல் என்று எண்ணுவோர் உண்மையிலே அதனை மெல்ல மெல்லக் கொல்கின்றனர். உடுத்தும் உதறியும் மடிப்பு மாற்றியும் வந்த பட்டே நீடிக்கும்.

இனி நாம் ஒரு சோதனையை முன்வைப்போம். நமது ஊர்கள்தோறும் சனசமூக நிலையங்கள் உள்ளன. பத்திரிகை வாங்கிப் போட்டு, ஏழையும் செல்வனும் ஒரே வாங்கிலிருந்து படிக்கும் வழக்கத்தை உண்டாக்கியதிலே அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. அங்கே, மாதர் சங்கங்களின் பொறுப்பிலே, ஒரு கூறைப்பெட்டி வைப்போம். மனமுவந்து கொடுப்போர் தம் கூறையைக் கொடுக்கட்டும். வெளுத்து, செப்பனிட்டு, கணக்கெழுதி வைப்போம். மணமாகும் பெண் எவளும் புத்தகம் இரவல் பெறுவதுபோல எடுத்து உடுத்து, திருப்பிக் கொடுக்கட்டும். உடுக்கும் நிலை கடந்தவற்றைச் சிறுமியரின் பாவாடைக்கும், பள்ளி மேடையின் கூத்துடைக்கும் வெட்டித் தைப்போம். கடன்பட்டுப் புதுக் கூறை வாங்கவேண்டிய தேவை ஒரு வீட்டுக்கேனும் நீங்கினால் அதுவே பயன்.

இதற்கு எதிர்ப்பு எழும். எழும் எதிர்ப்பு விலையைப் பற்றியோ நினைவைப் பற்றியோ இராது. ‘அந்தப் பெட்டியிலே யார் யார் வீட்டுச் சேலை கிடக்கும்?’ என்ற கேள்வியே முதலில் வரும். அந்த ஒரு கேள்வியிலே திரை முழுவதும் விலகிவிடும். ஒடுக்கப்பட்ட சாதியினர் மேலாடை அணியக்கூடாது, நகை அணியக்கூடாது, செருப்பணியக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது என்று இதே யாழ்ப்பாணம் ஒருகாலத்தில் விதித்தது. கடலுக்கு அப்பால் திருவிதாங்கூரிலே நாடார் பெண்கள் தம் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடி 1859இலேயே அரச பிரகடனம் பெற்றனர். உடை என்பது உடலை மறைப்பதற்கு மட்டும் அன்று, மனிதரைத் தரம்பிரித்து அடையாளங் காட்டுவதற்கும் ஆளப்பட்டது. 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டிலே கிடக்க, 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலிலே மக்கள் நின்றனர். ஒரே குவளையிலே தேநீர், ஒரே வாசலால் வழிபாடு என்று அவர்கள் கேட்டனர். ஒரே பெட்டியிலிருந்து கூறை என்பது அவர்கள் தொடங்கிய வாக்கியத்தின் அடுத்த சொல்லே. பள்ளி எழுத்தறிவித்தது, பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது, ஆனால் கல்யாணம் என்று வந்ததும் பட்டதாரியும் சாதிக் கோட்டுக்குள்ளேயே மணமகளைத் தேடுகிறான். கூறைப்பெட்டி அவன் நெஞ்சையும் திறந்து பார்க்கும்.

ஆசிரியராகிய நம்மிடமும், நம்மிடம் கற்கும் மாணவரிடமும் இதனைத் தொடங்கும் ஆற்றல் உண்டு. மாணவி தன் தாயிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: ‘அம்மா, உங்கள் கூறையை என்ன செய்ய விருப்பம்?’ பல தாய்மார் இக்கேள்வியை வாழ்விலே முதன்முறையாகக் கேட்பர். கணவனை இழந்த தாயிடம், ‘என் கல்யாணத்தில் அதனை உடுத்து முன்வரிசையிலே இருங்கள்’ என்று மகள் சொல்லட்டும். மகன் சொன்னால் இன்னும் நன்று. மணமகனாகப் போகும் இளைஞன், ‘அவள் விரும்பினால் அவள் தாயின் கூறையே போதும், நம் வீட்டுக் காசு கூறைக்கடைக்குப் போகவேண்டியதில்லை’ என்று தன் வீட்டிலே எழுந்து சொல்லட்டும். இவற்றுக்கு மேடையும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். ஒரு வீட்டின் உள்ளறையிலே, ஒரு பெட்டியின் முன்னே நடக்கும் காரியம் இது.

துணி என்ற சொல் தமிழிலே ஆடையைக் குறிக்கும். வெட்டு என்ற ஏவலைக் குறிக்கும். முடிவு செய், அஞ்சாதே என்பதையும் குறிக்கும். பெட்டியின் திறப்பு அவள் இடுப்பிலேயே இருக்கிறது. திறக்கட்டும், துணியட்டும்.